ஆற்றுக்கு நடுவில் ஒரு புள்ளி

போன இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டு கராஜில் இரண்டு ஜோடி ரப்பர் காற்சட்டைகள் தலைகீழாகத் தொங்கின. மார்பு வரை வருகிறவை, காலில் பூட்ஸும் சேர்ந்தே இருக்கும். வேடர்ஸ் என்பார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் அவற்றிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டி, கான்கிரீட் தரையில் கோடு போட்டு ஓடி, என் காரின் டயருக்கு அடியில் தேங்கும். ஒன்று என் கணவருடையது, இன்னொன்று என் மகனுடையது. பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கொக்கி காலியாக இருந்தது. அது காலியாக இருப்பது கண்ணை உறுத்தியதால் பழைய ஹோஸ் பைப்பைச் சுருட்டி அதில் மாட்டி வைத்தேன்.

மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு மணி நேர டிரைவில், பென்சில்வேனியாவில் ஒரு காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். அவனை முதன்முதலில் அங்கே கொண்டுபோய் விட்டபோது நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். போனில் லொகேஷன் ஷேர் பண்ண வேண்டும். சலித்துக்கொண்டே பண்ணினான். அன்றிலிருந்து காலையில் பல் துலக்குவதற்கு முன் என் போனில் அந்த நீலப் புள்ளியைப் பார்த்துவிடுவேன். புள்ளி லைப்ரரியில் இருந்தால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடும். நள்ளிரவுக்குப் பிறகும் வேறெங்கோ இருந்தால் அது ரூமுக்குத் திரும்புகிறவரை படுக்க மாட்டேன். போன செப்டம்பர் நடுவில் அந்தப் புள்ளி அவனுடைய ரூமை விட்டு நகரவே இல்லை. "பாருங்க, வெளிய சுத்தாம ரூம்லயே உக்காந்து படிக்கான்" என்று கணவரிடம் காட்டினேன். அந்த வாரம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு காலேஜிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். அவள் குரல் அளவுக்கு மீறி மென்மையாக இருந்தது. விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே, அந்த மென்மையைக் கேட்டே நான் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அவன் வகுப்புக்குப் போகவில்லை. சாப்பிடப் போகவில்லை. ஜன்னல் திரையை இறக்கிவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ரூம்மேட் பயந்துபோய்ச் சொல்லியிருக்கிறான்.

நாங்கள் போய்க் கூட்டி வந்தோம். வாதாடுவான் என்று நினைத்தேன். சொன்னதும் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து பின்சீட்டில் படுத்தான். இன்றைக்கும் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் என் விரல்கள் சில்லிட்டுவிடுகின்றன.

வீட்டில் டாக்டர், மாத்திரை, மூடிய கதவுக்குப் பின்னால் லாப்டாப்பில் ஒரு கவுன்சிலர் என்று நாட்கள் போயின. நான் ஒரு மருந்து கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு மாத்திரை எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று சோதிப்பது, சரியாக வந்தாலும் மறுபடி சோதிப்பது, அதுதான் வேலை. வீட்டிலும் நான் அப்படித்தான். சாப்பிட்டியா, தூங்கினியா, மாத்திரை போட்டியா, கவுன்சிலர் இன்னைக்கு என்ன கேட்டாங்க. எல்லாவற்றுக்கும் கதவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே பதில்தான் வரும்: "ஐ'ம் ஃபைன், மா."

என் கணவரோ எதையும் கேட்கவில்லை. அவருக்கு என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாது என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது. மகனை நீச்சலுக்கும் வயலினுக்கும் கணக்கு டியூஷனுக்கும் கொண்டுபோய் விட்டு, பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து காத்திருந்தவள் நான். அவனுக்கு எந்த ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கொள்ளாது, எந்த டீச்சரைப் பிடிக்காது, எந்தச் சட்டையின் காலர் கழுத்தில் குத்தும், எல்லாம் என் தலைக்குள் இருந்தது. அவர் ஒரு தடவை பல் டாக்டர் ஆபீஸிலிருந்து எனக்குப் போன் பண்ணி, "இவன் எந்த கிரேடு? ஃபார்ம்ல கேக்கான்" என்றார். மகன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தான். அவனைக் கேட்டிருக்கலாம்.

அப்படிப்பட்டவர் அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கராஜில் பல வருடமாகத் தூசி பிடித்துக் கிடந்த தூண்டில் கம்பை எடுத்துத் துடைத்தார். ஆபீஸில் யாரோ ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "டேய், ஆத்துக்குப் போறேன். வர்றியா?" என்றார்.

நான் அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

"ஓகே" என்றான் அவன்.

அவ்வளவுதான். நான் கதவடியில் நின்று கெஞ்சியும் கிடைக்காத ஒரு வார்த்தையை இவர் பாதிப் படியில் நின்று வாங்கிவிட்டார். அந்தத் தோசை கருகிப்போனது. அதை அவருக்குத்தான் வைத்தேன்.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு புளியை ஊறப்போட்டேன், தேங்காய் துருவினேன். நான் பாளையங்கோட்டைக்காரி. ஆற்றுக்குத் தூண்டிலோடு போனவர்கள் மீனோடு வருவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. குழம்பு வைத்தால் சாப்பிடுவான். சாப்பிடும்போது எதையாவது பேசுவான். என் கணக்கு அதுதான்.

சாயங்காலம் இரண்டு பேரும் சேறும் சகதியுமாக, குளிரில் சிவந்த முகத்தோடு வந்தார்கள். மகனின் முகத்தில் நிறம் இருந்தது. அதைப் பார்த்து நான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, "எங்க மீனு?"

"விட்டுட்டோம்" என்றார் அவர்.

"விட்டுட்டீங்களா? பிடிச்சத விடுறதுக்கு எதுக்குப் போனீங்க?"

"இங்க அப்படித்தாம்மா. பிடிக்கணும், பாக்கணும், விடணும்."

கடையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்து, கடைக்காரர் பெருமூச்சு விடுகிற வரைக்கும் நிற்கிற மனுஷன் இவர். மகன் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மா, அப்பா இன்னைக்கு என்ன பிடிச்சாருன்னு கேளு" என்றான்.

"என்ன பிடிச்சீங்க?"

"மேப்பிள்" என்றார் இவர், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

"அது என்ன மீனு?"

இரண்டு பேரும் கராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நான் உள்ளே போய் மேப்பிள் என்று ஒரு மீன் இருக்கிறதா என்று போனில் தேடினேன். இல்லை. ஊறின புளியை ரசத்தில் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கதைதான். எழுபத்தெட்டாம் நம்பர் ஹைவேயில் மேற்கே போனால் மஸ்கனெட்காங் என்று ஒரு ஆறு. அந்தப் பெயரை வாயில் நுழைய வைக்கவே எனக்கு நாளானது. அதற்குள் அவர்கள் இரண்டு பேரும் அதை "மஸ்கி" என்று, ஏதோ நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். "மஸ்கில இன்னைக்குத் தண்ணி கலங்கலா இருக்கும்." "மஸ்கிக்கு சின்ன முள்ளு போதும், டாட்." சாப்பாட்டு மேஜையில் எனக்குப் புரியாத ஒரு மொழி உருவாகிக்கொண்டிருந்தது. என் மகன் கராஜில் மணிக்கணக்காக உட்கார்ந்து, தூண்டில் நூலில் கட்டுகிற ஈயக் குண்டுகளை அளவு பார்த்துப் பிரித்து வைத்தான். அந்த விரல்களுக்கு நான்தான் நகம் வெட்டிவிட்டிருக்கிறேன்.

கணவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தி கறந்தேன். அக்டோபரில் அரசாங்கத்து லாரி வந்து ஆற்றில் பெரிய பெரிய ட்ரௌட் மீன்களை விடுமாம். உடம்பில் வானவில் மாதிரி ஒரு பட்டை ஓடுமாம். எல்லோரும் அதற்குத்தான் வருவார்கள். இவருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் நம் பையனுக்கு அது பிடிக்கவில்லை.

"பின்ன எதுக்குப் போறான்?"

"சக்கர்னு ஒண்ணு இருக்கு. நம்மூரு கெண்ட மாதிரி. வாய் கீழ இருக்கும், தடிச்ச உதடு. தூண்டில்ல அது மாட்டுனா இங்க உள்ளவன் கெட்ட வார்த்த சொல்லித் தூக்கிப் போடுவான். உம் மவன் அதத்தான் தேடிப் போறான்."

"ஏனாம்?"

"நான் கேக்கல."

"கேக்கலையா? வேற என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணும் பேசல."

"காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே பேசலையா?"

"மீன் பிடிக்கும்போது பேசக் கூடாதும்மா. ஓடிரும்."

"யாரு சொன்னா?"

"உம் மவன்தான் சொன்னான்."

"அப்பப் பேசியிருக்கான்ல!"

அவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவுவதில் மும்முரமாகிவிட்டார். நான் நம்பவில்லை. எதையோ மறைக்கிறார் என்றுதான் தோன்றியது. காலேஜிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. ஜனவரியில் திரும்பி வருகிறானா இல்லையா என்று, நவம்பர் கடைசியில் வருகிற தாங்க்ஸ்கிவிங்குக்கு முன்னால் அவன் சொல்ல வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள் என்று கவுன்சிலர் சொல்லியிருந்தாள். நான் வாயைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். ஆனால் மனதுக்குள் கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. அவன் போகிறானா, போகவில்லையா என்பது ஒரு கேள்வி. அதை முதலில் யாரிடம் சொல்வான் என்பது இன்னொன்று. பாத்திரம் கழுவும்போதும், ஆபீஸில் சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்க்கும்போதும், இரண்டாவது கேள்விதான் அதிகம் குடைந்தது. பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஏதோ ஒரு சனிக்கிழமை, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அவரிடம் சொல்வான். எனக்கு அவர் மூலமாக, டப்பா கழுவும்போது, செய்தியாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபை கூடும். காலை ஆராதனையை முடித்துக்கொண்டு அமெரிக்கர்கள் போன பிறகு அவர்களுடைய கோயிலை நாங்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்வோம். ஆராதனைக்கு நடுவில் ஜெப விண்ணப்பங்களை எழுந்து சொல்ல வேண்டும். யாருக்கு ஆபரேஷன், யாருக்கு விசா. நான் எழுந்திருக்கவில்லை. சொன்னால் ஜெபிப்பார்கள், அதோடு பேசவும் செய்வார்கள். ஆனாலும் டீ நேரத்தில் ஒரு ஆன்ட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி வீட்லதான் இருக்கானாமே? ஃபால் பிரேக்கா?"

"ஆமா ஆன்ட்டி."

"ரொம்ப நீளமா விட்டிருக்காங்க போல."

அவருடைய மகள் மெடிக்கல் ஸ்கூலில் இருக்கிறாள். தினமும் இரண்டு தடவை அம்மாவுக்குப் போன் பண்ணுவாளாம். கேட்காமலேயே சொன்னார். பேப்பர் கப்பை நசுக்கிக்கொண்டு நான் திரும்பினால், கொஞ்ச தூரத்தில் என் கணவர் இன்னொரு மனிதரிடம் வேடர்ஸ் சைஸ் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். "நானும் என் பையனும் வாராவாரம் போயிருவோம்" என்று பெருமையாகச் சொல்வது கேட்டது. இத்தனை வருடம் சபையில் "பையன் என்ன பண்றான்" என்று யாராவது கேட்டால் என் பக்கம் கையைக் காட்டிய மனிதர். அந்த ஆன்ட்டியின் மகள் மேல் வந்த எரிச்சலெல்லாம் எனக்கு இவர் மேல் திரும்பியது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "அடுத்த வாரம் நானும் வரட்டுமா?" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை நான் இன்னும் மறக்கவில்லை.

"இட்ஸ் ரியலி கோல்ட், மா" என்றான் மகன்.

"உனக்குப் போரடிக்கும்" என்றார் அவர்.

"ஆமா, எனக்கும் லாண்ட்ரி கெடக்கு" என்றேன். லாண்ட்ரியெல்லாம் முந்தின நாளே முடிந்திருந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. அவர்கள் கிளம்பிப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நான் சமையலறையில் நின்று வழக்கம்போல் போனை எடுத்துப் பார்த்தேன். புள்ளி ஆற்றங்கரையில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கரையில் இல்லை. வரைபடத்தில் ஆறு ஒரு நீலக் கோடாகத் தெரியும் அல்லவா, அந்தக் கோட்டுக்கு நடுவில் இருந்தது. சரி, தண்ணீரில் இறங்கியிருக்கிறான். வெங்காயம் நறுக்கினேன். மறுபடி பார்த்தேன். அங்கேயே இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒரு இம்மி நகரவில்லை. அவனுக்குப் போன் பண்ணினேன், நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போனது. கணவருக்குப் பண்ணினேன். மேஜை மேல், ரொட்டிப் பாக்கெட்டுக்குப் பின்னால், அவருடைய போன் அதிர்ந்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அசையாத புள்ளியைப் பார்த்து ஒரு தடவை நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். கார் சாவியை எடுத்தது நினைவில்லை. வீட்டுச் செருப்போடு, கணவரின் பழைய ஜாக்கெட்டை நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு எழுபத்தெட்டில் போய்க்கொண்டிருந்தேன். "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை. ஹைவேயை விட்டு இறங்கியதும் அறுவடை முடிந்த சோளக் கொல்லைகள், ஒரு சின்னப் பாலம், அதற்கு அந்தப் பக்கம் ஜல்லி போட்ட இடத்தில் எங்கள் இன்னொரு கார். காருக்குள் யாருமில்லை.

ஈர இலைகளில் வழுக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது என் கணவர்தான். தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டு தூண்டில் கம்பை மேலே, வானத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தார். நூல் ஒரு மரக்கிளையில் மாட்டியிருந்தது. அது ஒரு மேப்பிள். அந்தக் கரையில் நின்ற பல மரங்களில் சிவப்பும் வெள்ளியுமாக அவருடைய பழைய தூண்டில் முட்கள் கிறிஸ்துமஸ் ஜோடனை மாதிரி தொங்கின. நான் இருப்பதை அவர் பார்க்கவில்லை.

அவரைத் தாண்டி, நல்ல தூரத்தில், ஆறு வளைகிற இடத்தில், நட்டநடுவில், இடுப்புவரைத் தண்ணீரில் என் மகன் நின்றான். அசையாமல்தான் நின்றான். பெயர் சொல்லிக் கத்த வாய் திறந்தேன். அதற்குள் அவன் கம்பை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய் வீசினான். நூல் போய் விழுந்தது. மறுபடி அசையாமல் நின்றான்.

பக்கத்தில் இருந்த ஒரு சிகமோர் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். உடனே போய் இரண்டு பேரையும் திட்டியிருக்கலாம். போகவில்லை. இதுதான் நல்ல சமயம், என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பயம் இன்னும் முழுசாக இறங்கவில்லை, அதற்குள் அந்த நினைப்பு வந்துவிட்டது.

மரத்துக்குப் பின்னால் வெகுநேரம் நின்றேன். அவர்கள் ஒன்றுமே பேசவில்லை. ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கூட நிற்கவில்லை. இவர் மேப்பிளிலிருந்து முள்ளை விடுவித்து, எறிந்து, அடுத்த கிளையில் மாட்டினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சள் இலைகள் தண்ணீரில் போய்க்கொண்டே இருந்தன. இதற்காகவா நான் ஒரு மாதமாக வெந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தேன். ஆனால் வேகுவது நிற்கவில்லை. நானும் அவனும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தால் அது என் நெஞ்சை அடைக்கும். இங்கே இவர்கள் பேசாமல் இருப்பது பொரித்த அப்பளத்தை ஆளுக்குப் பாதியாகப் பிட்டுக்கொண்ட மாதிரி அத்தனை சகஜமாக இருந்தது.

அப்போது மகனின் கம்பு வளைந்தது. அவன் அவசரப்படவில்லை. நூலை விட்டும் பிடித்தும் பின்னாலேயே நடந்து, நான் நின்ற மரத்துக்குச் சற்றுக் கீழே, முழங்கால் அளவு தண்ணீருக்கு வந்தான். வலையில் ஏந்தினான். வானவில் பட்டை எதுவும் இல்லை. சேற்று நிறத்தில், தடித்த உதட்டோடு ஒரு மீன். அந்த சக்கர்தான். குனிந்து, முள்ளைப் பதமாகக் கழற்றி, இரண்டு கையாலும் அதைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டான், தலை நீரோட்டத்தைப் பார்த்தபடி. உடனே விட்டால் அது மல்லாந்துவிடும் போலிருக்கிறது. தெம்பு வருகிறவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விரல்கள் குளிரில் சிவந்துவிட்டன. அவன் விடவில்லை.

அதனிடம் பேசினான்.

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல."

தமிழில் பேசினான். நாலாங்கிளாசிலிருந்து என்னிடம் இங்கிலீஷ் கலக்காமல் பேசியது அபூர்வம். அந்த வார்த்தைகள் என்னுடையவை. தடுப்பூசி போட்ட ராத்திரிகளில், காது வலியில் கத்தின ராத்திரிகளில், அவனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே நான் சொன்னவை. இத்தனை வருடம் அவற்றை எங்கோ வைத்திருந்து, எடுத்துக்கொண்டுபோய் ஒரு மீனிடம் கொடுக்கிறான். ஆற்றில் யாருக்கும் வேண்டாத ஒரு மீன். என் வாழ்க்கையில் நான் யார் யார் மேலோ பொறாமைப்பட்டிருக்கிறேன். வீடு வாங்கினவர்கள் மேல், ஒல்லியாக இருந்தவர்கள் மேல், அந்த ஆன்ட்டியின் மகள் மேல். ஆனால் அந்த மீன் மேல் பட்ட அளவுக்கு யார் மேலும் பட்டதில்லை. அது ஒரு தடவை வாலை அசைத்தது. அவன் கையைத் திறந்தான். அது போய்விட்டது, நன்றி எதுவும் சொல்லாமல்.

நான் மூக்கை உறிஞ்சியிருக்க வேண்டும். அவன் நிமிர்ந்தான்.

"மா? வாட் ஆர் யூ டூயிங் ஹியர்?"

"லஞ்ச் கொண்டுவந்தேன்" என்றேன்.

அவன் என் வெறுங்கையைப் பார்த்தான். இன்னொரு கையில் இருந்த போனைப் பார்த்தான். நைட்டியை, நனைந்து ஊறிய வீட்டுச் செருப்பைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"யூ சா த டாட். போன்ல அந்தப் புள்ளி."

தலையாட்டினேன்.

"அங்க ஒரு பள்ளம் இருக்கு, மா" என்றான் மெதுவாக. "ஃபிஷ் எல்லாம் அங்கதான் இருக்கும். சோ அங்கயே நிக்கணும்."

அதற்குள் என் கணவர் தூண்டிலை அப்படியே போட்டுவிட்டு, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "ஏ, என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?" என்றார். அப்போதுதான் தெரிந்தது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அவருக்கும் கை சில்லிடும் என்று. சொன்னதே இல்லை மனுஷன்.

"ஒண்ணும் ஆகல. போன வீட்ல வச்சிட்டு வந்துட்டீங்க."

"அதுக்காகவா இவ்ளோ தூரம் வந்த?"

"அதுக்காகத்தான்."

"கொண்டு வந்தியா?"

"இல்ல."

மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரையேறினான். "ஷி'ஸ் ஷேக்கிங், டாட். நான் அம்மாகூடப் போறேன். நான் டிரைவ் பண்றேன்." கணவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "சரி" என்றார். "நான் கொஞ்சம் இருந்துட்டு வாரேன்." நாங்கள் பாதையில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் தூண்டிலை எடுக்கவில்லை. வெறுமனே நின்றுகொண்டிருந்தார்.

காரில் ஹீட்டரை என் காலுக்குத் திருப்பிவிட்டான். பாலம் தாண்டியது, சோளக் கொல்லை தாண்டியது. என் நாக்கு நுனியில் கேள்விகள் வரிசையாக நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஹைவேயில் ஏறி லேன் மாறியதும் அவனாகவே சொன்னான்.

"மா, ஐ'ம் நாட் கோயிங் பேக் இன் ஜானுவரி."

"ஓகே" என்றேன்.

"நெக்ஸ்ட் ஃபால், மேபி. மேபி சம்வேர் க்ளோஸர்."

"ஓகே."

அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தான். "தட்ஸ் இட்? ஓகே? உனக்குக் கொஸ்டின்ஸ் இருக்குமே."

"இருக்கு. நெறைய இருக்கு."

சிரித்தான். கராஜில் அவரோடு சிரித்த அதே சிரிப்பு. "ஒண்ணு கேளு. ஒன்லி ஒன்."

ஒரே ஒரு கேள்வி. அங்கே உனக்கு என்ன ஆனது என்று கேட்டிருக்கலாம். இப்போது எப்படித் தூங்குகிறாய் என்று கேட்டிருக்கலாம். ஏன் அந்த மீனைத் தேடிப் போகிறாய் என்றாவது கேட்டிருக்கலாம். எந்த நல்ல அம்மாவும் இவற்றில் ஒன்றைத்தான் கேட்டிருப்பாள்.

"அப்பாகிட்டச் சொல்லிட்டியா?" என்றேன்.

"நாட் யெட். அடுத்த வாரம் ஆத்துல சொல்றேன். நீ சொல்லிடாத, ஓகே?"

என் பிள்ளை ஒரு வருடப் படிப்பை விடப்போகிறான். சபையில் என்ன சொல்வது, ஃபீஸ் என்ன ஆகும், அவன் உண்மையிலேயே தேறுவானா, எல்லாக் கவலையும் வரிசையில் காத்திருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் அவற்றையெல்லாம் முந்திக்கொண்டு வந்தது சந்தோஷம்தான். எனக்குத்தான் முதலில் தெரியும். ஒரு வாரம் முழுக்க எனக்கு மட்டும்தான் தெரியும். ஈரச் செருப்புக்குள் விரல்களைச் சுருட்டிக்கொண்டு வீடு வரைக்கும் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் கணவர் வந்தார். வேடர்ஸை மாட்டினார். சமையலறைக்கு வந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவ ஆரம்பித்தார். டப்பா சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

"வர்ற வழில என்ன பேசினான்?" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

"ஒண்ணும் பேசல."

"அவ்வளவு தூரம் ஒண்ணுமே பேசலையா?"

"டிரைவ் பண்ணும்போது பேசக் கூடாதுங்க."

குழாயை மூடினார். என்னைப் பார்த்தார். அவர் அதை நம்பவில்லை. அந்த முகம் எனக்கு நன்றாகப் பழக்கமான முகம், அக்டோபர் முழுக்க நான் போட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் நிறையத் திருப்தியாகவும் இருந்தது. அவர் டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார்.

அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. இதே வார்த்தையை, இதே இடத்தில் நின்று, இதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அவர் எத்தனை சனிக்கிழமை என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தது ஒரே ஒரு சனிக்கிழமையைத்தான். அதற்கு முன்னால், அந்தக் காரில், போகும்போதும் வரும்போதும் அவன் அவரிடம் என்னென்ன சொல்லியிருப்பான்? "அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க" என்று எதையெல்லாம்?

கையில் தீக்குச்சி சுட்டது. ஹாலைப் பார்த்து, "ஏங்க" என்று கூப்பிட்டேன்.